பதிவேட்டில் பெயரில்லாத கப்டன்



2023 ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாந் திகதி அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் மாற்றப்பட்டது. அதுவரை அதன் பெயர் 'சான்சலர்ஸ்வில்'. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, 1863 மே மாதத்தில், அடிமைமுறையைக் காப்பாற்றுவதற்காகப் பிரிந்து சென்ற தென்மாநிலங்களின் படை பெருவெற்றி பெற்ற களம் அது. அரசை எதிர்த்துப் போராடியவர்களின் வெற்றியை அந்த அரசின் கப்பலே பெயராகச் சுமந்து திரிந்தது. இது வேடிக்கையென்று பலருக்கும் தோன்றப் பல ஆண்டுகள் சென்றன. மாற்றி வைத்த பெயர் 'றொபேட் ஸ்மோல்ஸ்'.

யார் இந்த றொபேட் ஸ்மோல்ஸ்? பிறப்பால் அடிமை. இருபத்து மூன்றாம் வயதிலும் எழுத வாசிக்கத் தெரியாதவர். எதிரியின் கப்பலைக் கடத்திக் கொண்டுவந்து கடற்படையிடம் ஒப்படைத்தவர். கடற்படைக்கு வழிகாட்டி மாலுமியாக உழைத்தும், அந்தக் கடற்படையின் அதிகாரி வரிசையில் ஒருநாளும் இடம்பெறாதவர். பின்னர் ஐந்து தடவை காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவானவர்.

இவரைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் பெரும்பாலும் ஓர் இரவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இரவை நானும் சொல்லத்தான் போகிறேன். அதைச் சொல்லாமல் இவரைப் பற்றிப் பேச முடியாது. ஆனால், என் மனம் அதிகம் தங்கி நிற்பது அதற்குப் பின்வந்த ஐம்பத்து மூன்று ஆண்டுகளிலேதான்.

தென் கரோலைனா மாநிலத்தின் கரையோரம் சிறு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடப்பது. உப்பங்கழிகளும் சேற்று நிலங்களும், அவற்றை ஊடறுத்து ஓடும் ஆறுகளும் நிறைந்த நிலம். அங்கே பியூபோர்ட் என்று ஒரு சிற்றூர். இதே எழுத்துகளைக் கொண்ட ஊர் வட கரோலைனாவிலும் உண்டு; அதனை அங்குள்ளோர் 'போபோர்ட்' என்பார்கள். தெற்கேயுள்ளவர்களிடம் அப்படிச் சொன்னால் முகஞ் சுளிப்பார்களாம். நெல்லும் நீளிழைப் பருத்தியும் விளைந்த அத்தீவுகளின் வயல்களில் உழைத்தவர்கள், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களும் அவர்தம் வழிவந்தோரும். நெற்செய்கையை அறிந்த மக்கள் என்பதாலேயே அவர்களுக்கு விலை அதிகம். ஆபிரிக்கச் சொற்களும் ஆங்கிலமும் கலந்த 'கல்லா' என்னும் மொழியைப் பேசினார்கள். ஸ்மோல்சின் தாய்மொழியும் அதுவே. பிற்காலத்தில் தேர்தல் மேடைகளில் அவர் அந்த மொழியிலே பேசியபோது, படித்த எதிராளிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

1839 ஏப்ரல் 5 ஆம் திகதி, பியூபோர்ட்டின் பிரின்ஸ் வீதியிலுள்ள ஒரு பெரிய வீட்டின் பின்வளவுக் குடிசையில் அவர் பிறந்தார். தாய் லிடியா, அந்த வீட்டு வேலைக்காரி. மக்கீ என்னும் குடும்பத்தின் உடைமை. தந்தை யார் என்பது உறுதியாகத் தெரியாது. வீட்டு எசமானுக்குப் பையன்மேல் ஏதோ ஒரு பிரியம் இருந்தது. வயலுக்கு அனுப்பாமல் வீட்டோடு வைத்திருந்தார். பையன் தன் நிலையை மறந்துவிடுவானோ என்று தாய்தான் அஞ்சினாள். அடிமைகளை ஏலம் கூறும் இடத்துக்கும், கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கும் இடத்துக்கும் அவனை அழைத்துச் சென்று காட்டினாள் என்று அவர்கள் குடும்பத்திலே ஒரு செய்தி வழங்கி வந்தது. நான் வாசித்தவற்றுள் என்னை உலுக்கியது இதுதான். எல்லாத் தாய்மாரும் பிள்ளையின் கண்ணைப் பொத்தும் காட்சியை இந்தத் தாய் வலிந்து காட்டியிருக்கிறாள்.

பன்னிரண்டு வயதிலே சார்ள்ஸ்டன் துறைமுக நகருக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டான். உழைப்பில் வாரத்துக்கு ஒரு டொலர் அவனுக்கு, மீதியெல்லாம் எசமானுக்கு. முதலில் ஹோட்டலில் எடுபிடி. பிறகு தெருவிளக்கு ஏற்றுபவன். அதன்பின் துறைமுகத்திலே மூட்டை சுமந்து, பாய் தைத்து, பாய்மரக் கயிறு கட்டி, கடைசியில் சுக்கான் பிடிக்கும் வேலைக்கு வந்தான். சார்ள்ஸ்டன் துறைமுகத்தின் நீரோட்டம், மணற்றிட்டு, வற்று வெள்ளம் எல்லாம் மனப்பாடம். வெள்ளையர் ஒருவர் இந்த வேலையைச் செய்தால் அவரை 'பைலற்' என்று மதிப்போடு அழைப்பார்கள். அடிமைக்கு அந்தப் பெயரைக் கொடுப்பதில்லை. 'சக்கரம் பிடிப்பவன்' என்பதே பட்டம். வேலை ஒன்று, பெயர் மட்டும் வேறு. பின்னாளில் அரசும் அவரிடம் இதே கணக்கைப் பார்த்தது.

பதினேழு வயதில் ஹன்னா என்னும் பெண்ணை மணந்தார். அவளும் அடிமை, வேறொருவரின் உடைமை. ஒரு மகள் பிறந்தாள். தாய் யாருடைய உடைமையோ, பிள்ளையும் அவருடைய உடைமை என்பது அந்நாட்டுச் சட்டம். மனைவியையும் பிள்ளையையும் விலைக்கு வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டார். விலை 800 டொலர் என்று பேசி முடித்தார்கள். வாரம் ஒரு டொலரில் தொடங்கிய மனிதர் 800 டொலரை என்றைக்குச் சேர்ப்பது? அதற்குள் இன்னும் பிள்ளைகள் பிறந்தால் அவற்றுக்குத் தனி விலை. 1863 ஆம் ஆண்டில் அரசாங்க விசாரணைக் குழுவொன்றின்முன் அவர் சாட்சியம் அளித்தபோது இவற்றையெல்லாம் விபரமாகச் சொல்லியிருக்கிறார். தன்வரலாறு என்று அவர் நூல் எதுவும் விட்டுச் செல்லவில்லை. இத்தகைய சாட்சியங்களிலிருந்துதான் அவர் குரலைக் கேட்க வேண்டியிருக்கிறது.

1861 ஏப்ரலில் சார்ள்ஸ்டன் துறைமுக வாயிலிலுள்ள சம்டர் கோட்டையின் மீது தென்னவர்கள் பீரங்கிப் பிரயோகம் செய்ய, போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே வடவரின் கடற்படை பொர்ட் றோயல் குடாவைத் தாக்கி, ஸ்மோல்சின் சொந்த ஊரான பியூபோர்ட்டைக் கைப்பற்றிவிட்டது. வெள்ளை எசமானர்கள் வீடுவாசலைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவிட்டார்கள். அடிமைகள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அதாவது ஸ்மோல்சின் தாய் இருந்த ஊரிலே விடுதலை வந்துவிட்டது. மகன் இருந்த ஊரிலே வரவில்லை. இரண்டுக்கும் இடையே சுமார் 50 மைல்.

ஸ்மோல்ஸ் அப்போது 'பிளாண்டர்' என்னும் நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். 147 அடி நீளமுள்ள, பக்கச் சில்லுகளால் ஓடும் பருத்திக் கப்பல் அது. போர் வந்ததும் தென்னவர் படையின் தளபாடம் சுமக்கும் கப்பலானது. 1862 மே 12 ஆம் திகதி ஒரு தீவுக் காவலரணிலிருந்து அகற்றிய நான்கு பீரங்கிகளை ஏற்றிக்கொண்டு சார்ள்ஸ்டன் துறைக்கு வந்து கட்டினார்கள். கப்டனும் மற்ற இரு வெள்ளை அதிகாரிகளும், கப்பலிலேயே தங்க வேண்டும் என்ற கட்டளையை மீறி, இரவைக் கழிக்கக் கரைக்குப் போய்விட்டார்கள். கப்பலில் எஞ்சியவர்கள் அடிமைத் தொழிலாளர் மாத்திரமே.

விடிய மூன்று மணியளவில் கொதிகலனில் தீ மூட்டினார்கள். நேரே கடலுக்குப் போகவில்லை. முதலில் வேறொரு துறைக்குச் சென்று, அங்கே மறைந்து காத்திருந்த மனைவிமாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்தச் சில நிமிடங்களை நான் பலதடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தனியாகத் தப்பியோட நினைப்பவன் அந்தத் திருப்பத்தை எடுத்திருக்க மாட்டான். ஆண்கள் எட்டு, பெண்கள் ஐந்து, குழந்தைகள் மூன்று; ஆகப் பதினாறு உயிர்கள். பிடிபட்டால் கப்பலோடு மூழ்கிவிடுவது என்று முன்னரே தீர்மானித்திருந்தார்கள்.

ஸ்மோல்ஸ் கப்டனின் வைக்கோல் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். கப்டன் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார். காவலரண் ஒவ்வொன்றையும் தாண்டும்போது முறைப்படி ஊதவேண்டிய ஊதலை ஊதினார். கடைசியாக வருவது சம்டர் கோட்டை. அதனைத் தாண்டும்போது மணி நாலரை. கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிட்டது. வேகமாக ஓட்டினால் சந்தேகம் வரும். மெதுவாக ஓட்டினால் விடிந்து முகம் தெரிந்துவிடும். வழக்கமான வேகத்திலேயே ஓட்டினார். கோட்டையிலிருந்து போகலாம் என்று பதில் வந்தது. பீரங்கியின் எல்லையைத் தாண்டியதும் தென்னவர் கொடியை இறக்கிவிட்டு, ஹன்னா கொண்டுவந்திருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். எதிரே நின்ற வடவரின் 'ஒன்வேர்ட்' என்னும் கப்பல் பீரங்கியைத் திருப்பிச் சுடத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த விரிப்பு கண்ணில் படாவிட்டால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிளாண்டரோடு கிடைத்தவை பீரங்கிகள் மட்டுமல்ல. தென்னவரின் சமிக்ஞைக் குறியேடு கிடைத்தது. துறைமுகத்திலே நீரடி வெடிகள் எங்கெங்கே புதைக்கப்பட்டுள்ளன என்ற அறிவு கிடைத்தது. எந்தத் தீவிலிருந்து படை விலக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி கிடைத்தது. சில நாட்களுக்குள் வடவர் அந்தத் தீவைச் சண்டையின்றியே பிடித்தார்கள். தளபதி டியூபொன்ட் கடற்படை அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், தம்மிடம் தப்பிவந்தவர்களுள் இவனைப் போன்ற கெட்டிக்காரன் வேறில்லை என்ற பொருள்படப் பாராட்டினார்.

பாராட்டு வேறு, கொடுப்பனவு வேறு. எதிரியின் கப்பலைப் பிடித்தால் அதன் பெறுமதியில் ஒரு பங்கைப் பிடித்தவர்களுக்குப் பகிர்ந்தளிப்பது அக்காலக் கடற்படை வழக்கம். ஆனால் இவர்கள் கடற்படையினர் அல்லர். சட்டப்படி மனிதர்கூட அல்லர், பொருள்கள். ஆகவே காங்கிரஸ் தனிச்சட்டம் ஒன்றை இயற்றி, கப்பலின் பெறுமதியில் பாதியைக் கொடுக்க உத்தரவிட்டது. கப்பலுக்கு மதிப்புப் போட்டவர்கள் சுமார் 9,000 டொலர் என்றார்கள். ஸ்மோல்சுக்குக் கிடைத்தது 1,500 டொலர். இருபத்தோராண்டுகளின் பின்னர், 1883 இல், காங்கிரசின் குழுவொன்றே அந்த மதிப்பீடு கேலிக்குரியது என்றும், உண்மையான பெறுமதி 60,000 டொலருக்கு மேல் என்றும் அறிக்கையிட்டது.

1862 ஓகஸ்ட் மாதம் ஸ்மோல்சும் ஒரு பாதிரியாரும் வாஷிங்டனுக்குப் போய், கறுப்பின மக்களைப் படையில் சேர்க்க அனுமதி தரும்படி போர் அமைச்சர் ஸ்டான்டனிடம் வேண்டினார்கள். 5,000 பேரைச் சேர்க்க அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு ஸ்மோல்ஸ் ஓய்வெடுத்திருக்கலாம், கடலுக்குத் திரும்பினார். 1863 ஏப்ரல் 7 ஆம் திகதி சார்ள்ஸ்டன்மீது நடந்த தாக்குதலில் 'கியோகக்' என்னும் இரும்புக் கவசக் கப்பலுக்கு அவரே வழிகாட்டி. அது சுமார் 90 குண்டடிகள் வாங்கி மறுநாட் காலையில் மூழ்கியது. அதிலிருந்து தப்பியவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு டிசெம்பரில் ஒடுங்கிய நீரோடை ஒன்றிலே பிளாண்டர் குண்டுமழையில் அகப்பட்டபோது, வெள்ளைக் கப்டன் நிலக்கரி அறைக்குள் ஒளிந்துகொண்டார். ஸ்மோல்ஸ் பொறுப்பெடுத்துக் கப்பலை வெளியே கொண்டுவந்தார். ஒளிந்தவர் பதவி போக, ஸ்மோல்ஸ் பிளாண்டரின் கப்டனானார். மாதச் சம்பளம் 150 டொலர்.

ஆனால், கப்பல் அப்போது தரைப்படையின் வழங்கற் பகுதிக்கு மாற்றப்பட்டிருந்தது. ஆகவே அந்தக் கப்டன் பதவி கடற்படைப் பதிவேட்டில் ஏறவில்லை. அன்று அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்க மாட்டார். கவலைப்படும் காலம் பின்னால் வந்தது.

1864 இல் கப்பல் திருத்தத்துக்காகப் பிலடெல்பியா சென்று பல மாதம் தங்கினார். அங்கேதான் ஆசிரியர் வைத்து எழுத வாசிக்கப் படித்தார். அங்கேதான் வேறொரு பாடமும் படித்தார். அவ்வாண்டு இறுதியில் குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டியில் ஏறியவரை, உள்ளே இருக்கக்கூடாது, வெளித்தட்டில் நிற்கவேண்டும் என்றான் நடத்துநர். நிற்க மறுத்து இறங்கி நடந்தார். சார்ள்ஸ்டன் வீரனை நடக்க விட்டார்கள் என்ற செய்தி பரவி, நெடுநாளாக நடந்துவந்த கிளர்ச்சிக்கு வலுவூட்டியது. 1867 இல் பென்சில்வேனியா மாநிலம் அந்தப் பாகுபாட்டைச் சட்டத்தால் நீக்கியது.

போருக்குப் பின் அவர் பியூபோர்ட்டுக்கே திரும்பினார். பிரின்ஸ் வீதியில் தாம் பிறந்த குடிசைக்கு முன்னால் நின்ற பெரிய வீடு, போர்க்காலத்தில் வரி கட்டாமற் போனதால் அரசு ஏலத்துக்கு வந்திருந்தது. ஸ்மோல்ஸ் அதனை வாங்கித் தாயையும் அங்கே குடியிருத்தினார். பழைய உரிமையாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று 1878 இல் ஸ்மோல்சுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அந்தத் தீர்ப்பினால் இவரைப் போல ஏலத்தில் நிலம் வாங்கியிருந்த எத்தனையோ ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் உறுதிகளும் பிழைத்துக்கொண்டன.

இந்த வீட்டைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. பழைய எசமானின் மனைவி, முதுமையால் நினைவு தடுமாறிய நிலையில் அந்த வீட்டுக்கு வந்தாராம். ஸ்மோல்ஸ் அவரை அங்கேயே தங்க அனுமதித்தாராம். இதனைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் பலர் சொல்வார்கள். எனக்கோ இதில் வேறொன்றுதான் பெரிதாகப் படுகிறது. வந்தவரை உள்ளே விடுவதா, விடுவதில்லையா என்று தீர்மானிக்கும் உரிமை அவர் கையில் இருந்தது. அந்த உரிமைக்காக அவர் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்வரை போயிருக்கிறார்.

1868 இல் தென் கரோலைனாவுக்குப் புதிய அரசியலமைப்பை வகுக்கக் கூடிய மாநாட்டுக்கு ஸ்மோல்ஸ் பிரதிநிதியாகச் சென்றார். அங்கே அவர் கொண்டுவந்த பிரேரணை பாடசாலை பற்றியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி; 7 முதல் 14 வயதுவரை உள்ளோர் ஆண்டில் ஆறு மாதமாவது கட்டாயமாகப் பள்ளிக்குப் போக வேண்டும்; தவறினால் பெற்றோருக்குத் தண்டம். எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்த மாநிலம் அது. அங்கே நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான் தாமே எழுத்துக் கூட்டப் பழகிய ஒருவர் இதைக் கேட்டார். அந்த இரவுக்கு இணையாக வைக்கக்கூடிய செயல் இது என்பது என் அபிப்பிராயம். பீரங்கியின் முன்னே தொப்பியணிந்து நிற்பதற்கு ஒருநாட் துணிவு போதும். தமக்குக் கிடைக்காத ஒன்றை அடுத்த தலைமுறைக்குச் சட்டமாக எழுதிவைக்க வேறு விதமான நெஞ்சு வேண்டும்.

மாநிலச் சபையிலும் செனற்றிலும் இருந்துவிட்டு, 1875 இல் காங்கிரசுக்குப் போனார். இடையிடையே தோற்றும் மீண்டும் வென்றும் 1887 வரை ஐந்து தடவை உறுப்பினராக இருந்தார். பொர்ட் றோயல் குடாவில் கடற்படைத் தளம் அமைய வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். அப்படி உருவான பாரிஸ் தீவுத் தளமே 1915 முதல் மரீன் படையினரைப் பயிற்றும் இடமானது.

காங்கிரஸ் உரைகளைவிட அவரது ஊர்ப்பணிதான் எனக்குச் சுவையானது. 1876 ஓகஸ்டில் கொம்பாஹி ஆற்றோர நெல்வயல்களில் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி பணமாகக் கிடைப்பதில்லை. தோட்டக்காரரின் கடையிலே மட்டும் செல்லுபடியாகும் சீட்டாகவே கிடைத்தது. அங்கே விலையும் அவர்கள் வைத்ததுதான். ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் கூலிகளை எதிர்த்துத் திரண்டபோது, மாநிலத்தின் குடிப்படைத் தளபதியாகவும் இருந்த ஸ்மோல்ஸ் போய் நடுவில் நின்றார். இரத்தம் சிந்தாமல் விடயம் முடிந்தது. அந்த மக்கள் அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்ததற்கு இதுவே காரணம். இரண்டு வருடங்களின் பின் கில்லிசன்வில் என்னும் சிற்றூரில் தேர்தற் கூட்டத்துக்குச் சென்ற ஸ்மோல்சை, செஞ்சட்டைக்காரர் என்னும் வெள்ளையர் கும்பல் ஒரு கடைக்குள் முற்றுகையிட்டது. செய்தி கேட்டு மண்வெட்டியும் கோடரியுமாகச் சுற்றுவட்டாரக் கறுப்பின ஆண்களும் பெண்களும் திரண்டு வந்து அவரைக் காத்தார்கள்.

அவரைக் குற்றமற்ற தெய்வமாக்கவும் நான் விரும்பவில்லை. 1877 இல், மாநில அச்சு ஒப்பந்தம் ஒன்றுக்காக 5,000 டொலர் கைக்கூலி வாங்கினார் என்று குற்றத் தீர்ப்பாகி மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆட்சி எதிரிகள் கைக்கு மாறிய வருடம் அது; அவருக்கெதிரான முக்கிய சாட்சி தாமே பொதுப்பணத்தில் கைவைத்தவர். மேன்முறையீட்டுக் காலத்தில் வெளியே இருந்த அவருக்கு 1879 இல் ஆளுநர் மன்னிப்பளித்தார். தேர்தல் குற்றங்களுக்காக வெள்ளையர்மீது மத்திய அரசு தொடுத்திருந்த வழக்குகளைக் கைவிடுவதற்கான கைம்மாறு அது. நீதியும் அரசியலும் ஒரே தராசில் எடைபோடப்பட்ட இடத்தில் உண்மையை எப்படிப் பிரித்தெடுப்பது? வழக்கைப் புனைந்ததற்கே சான்று அதிகம் என்பது என் எண்ணம்.

1895 இல் மாநிலத்துக்கு மீண்டும் ஒரு புதிய அரசியலமைப்பு எழுதப்பட்டது. பென் டில்மன் என்பவர் முன்னின்று நடத்திய இம்மாநாட்டின் நோக்கம் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிப்பது. அதை யாரும் மறைக்கக்கூட இல்லை. அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துப் பதிவதிகாரி திருப்திப்படும்படி விளக்க வேண்டும் என்பது தந்திரம். திருப்திப்படுவதும் படாததும் அதிகாரியின் இஷ்டம். 160 பிரதிநிதிகளுள் கறுப்பினத்தவர் ஆறு பேர். அவர்களுள் ஒருவர் ஸ்மோல்ஸ், வயது ஐம்பத்தாறு. தம் மக்களுக்குச் சலுகை வேண்டாம், வாழ்க்கைப் போட்டியில் சமமான வாய்ப்பே போதும் என்று வாதாடினார். கலப்புத் திருமணத்தைத் தடைசெய்யும் பிரிவு வந்தபோது, கறுப்பினப் பெண்ணோடு கள்ளத்தொடர்பு வைத்திருக்கும் வெள்ளையர் எவரும் அரச பதவி வகிக்கக்கூடாது என்றொரு திருத்தத்தை எழுந்து பிரேரித்தார். சபையில் எத்தனை முகங்கள் சிவந்திருக்கும்! திருத்தம் தோற்றது. வாக்குரிமையும் போயிற்று. ஆவணத்தில் கையெழுத்திட ஸ்மோல்ஸ் மறுத்துவிட்டார்.

1868 இல் பாடசாலைக்குப் பிரேரணை கொண்டுவந்தவரே இருபத்தேழு ஆண்டுகளின் பின் வாக்குச்சீட்டைக் காக்க நின்று தோற்றார். தாம் பங்குகொண்டு கட்டியதைத் தம் கண்முன்னே பிடுங்குவதைப் பார்க்க அவருக்கு நேர்ந்தது. போர்வீரர்கள் பலருக்கு இந்தத் துன்பம் வாய்ப்பதில்லை, களத்திலே இறந்துவிடுகிறார்கள்.

ஓய்வூதியக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1883 இல் அவரைக் கடற்படையின் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பட்டியலில் சேர்க்கும் சட்டமூலம் காங்கிரசுக்கு வந்தது, நிறைவேறவில்லை. முறையான நியமனப் பத்திரம் இல்லையே! குண்டு விழுந்தபோது யாரும் பத்திரம் கேட்கவில்லை. 1897 இல் தனிச்சட்டத்தின் மூலம் மாதம் 30 டொலர் ஓய்வூதியம் கிடைத்தது. ஒரு கடற்படைக் கப்டனுக்கு உரிய தொகை. அதாவது, பதவியைத் தராமல் அப்பதவிக்குரிய ஓய்வூதியத்தைத் தந்தார்கள். 1900 இல் பிளாண்டருக்காக மொத்தம் 5,000 டொலர் என்று தீர்மானித்தார்கள். முன்பு கொடுத்த 1,500 ஐ மறவாமல் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அந்தக் கழித்தல் கணக்கை எழுதிய குமாஸ்தாவின் கைநேர்த்தியை மெச்சத்தான் வேண்டும்.

கடைசிக் காலத்தில், இடையிலே சில ஆண்டுகள் தவிர, 1889 முதல் 1913 வரை பியூபோர்ட் துறைமுகச் சுங்க அதிகாரியாக இருந்தார். 1915 பெப்ரவரி 23 ஆம் திகதி பிரின்ஸ் வீதியிலுள்ள தம் வீட்டிலேயே காலமானார். அவ்வூர் பப்ரிஸ்ற் தேவாலய வளவிலே அடக்கம் செய்யப்பட்டார்.

கௌரவங்கள் அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 இல், இலினோய் மாநிலத்துக் கடற்படைப் பயிற்சி நிலையத்தின் ஒரு பகுதிக்கு 'றொபேட் ஸ்மோல்ஸ் முகாம்' என்று பெயரிட்டார்கள். கறுப்பினத்தவரை வெள்ளையரோடு சேராமல் ஒதுக்கிவைத்துப் பயிற்றுவதற்கான முகாம் அது! டிராம் வண்டியிலிருந்து இறங்கி நடந்தவரின் பெயர் இதற்குத்தானா கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் அந்த முகாமில்தான் பதினாறு கறுப்பின மாலுமிகள் அதிகாரிப் பயிற்சி பெற்று, 1944 மார்ச்சில் அவர்களுள் பதின்மூவர் அமெரிக்கக் கடற்படையின் முதலாவது கறுப்பின அதிகாரிகளாக நியமனம் பெற்றார்கள். ஸ்மோல்சுக்கு மறுக்கப்பட்ட அதே பத்திரம், அவர் பெயரைத் தாங்கிய முகாமிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது.

2017 இல் பியூபோர்ட்டை மையமாகக் கொண்டு போருக்குப் பிந்திய மறுசீரமைப்புக் காலத்துக்கான தேசிய நினைவிடம் ஒன்று பிரகடனம் செய்யப்பட்டது. 2023 இல் நான் தொடக்கத்தில் சொன்ன கப்பலின் பெயர் மாற்றம். 2024 இல் தென் கரோலைனா சட்டசபை, தலைநகர் கொலம்பியாவிலுள்ள மாநிலச் சபை வளவில் ஸ்மோல்சுக்கு நினைவுச்சின்னம் எழுப்புவதற்குச் சட்டம் இயற்றியது. தனியொரு கறுப்பினத்தவருக்காக அவ்வளவில் எழுப்பத் தீர்மானித்த முதலாவது சின்னம் இதுவே. 1895 இல் வாக்குரிமையைப் பறித்த அதே பென் டில்மனுக்கு அந்த வளவில் 1940 இலேயே சிலை வைத்துவிட்டார்கள்.

பிளாண்டர் என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். போருக்குப் பின் அது பழைய தொழிலுக்கே திரும்பியது. 1876 மார்ச்சில், சார்ள்ஸ்டனுக்கு வடக்கே றொமேன் முனையருகில் தரைதட்டிப் புயலில் அகப்பட்டுக் கைவிடப்பட்டது. 2014 இல் அமெரிக்கக் கடலாய்வு நிறுவனத்தார் காந்தமானிகளைக் கொண்டு தேடி, மணலின் கீழே இரும்புப் பாகங்கள் புதைந்திருக்கும் இடத்தைக் கண்டார்கள். பெரும்பாலும் அதுவே பிளாண்டர் என்றார்கள். தோண்டவில்லை. இருந்த இடத்திலேயே இருக்க விட்டுவிட்டார்கள்.